வெடிப்பின் மேல் ஒட்டிய பூ

ஒக்டோபர் 5, சனி

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தக் கொப்பியை, காகிதக் கைவேலை சொல்லித்தரும் றுஷ்தா தந்தது வாழ்த்து அட்டைகளின் அளவுகளைக் குறித்துக்கொள்ள. நான் இதில் என் கதையை எழுத ஆரம்பித்துவிட்டேன். எழுதி வைக்கும் அளவுக்கு என் நாட்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் வாயால் சொல்ல வராததை எங்காவது வைக்க வேண்டியிருக்கிறது.

இன்று மூன்றாவது வகுப்பு. பண்டாரவளையில் றுஷ்தாவின் அண்ணன் ஹபீஸுடைய புத்தகக் கடையின் மேல்மாடி. எட்டுப் பெண்கள், ஒரு நீள மேசை. குவிலிங் செய்தோம். மெல்லிய காகிதக் கீற்றை ஊசியில் சுற்றி, இதழாகக் கிள்ளி, அட்டையில் பூவாக ஒட்டுவது. இரண்டு மணி நேரம் எனக்கு எதுவுமே நினைவில் வரவில்லை. வராத ஆசிரியர் நியமனம், அம்மாவின் முழங்கால், வீட்டின் பின்சுவர், எதுவும்.

றுஷ்தாவுக்கு என் வயதுதான். குரல் மட்டும் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். அவள் பேச்சில் ‘சொல்’ என்பது ‘செல்’, ‘இருக்கு’ என்பது ‘ஈக்கி’. “என்ன நிரஞ்சலா, கம்பஸ்ல நாலு வருஷம் படிச்சது ‘ம்’ செல்றதுக்கா? வாயத் தொறந்து கத்தரிக்கோலக் கேளுங்க, தாறேன்!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கத்தரிக்கோலை மட்டும் கேட்கவில்லை. பக்கத்துப் பெண் வைக்கும்வரை காத்திருந்து எடுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ் முழுக்க ஈரக் குடைகள்.

ஒக்டோபர் 12, சனி

காகிதத்துக்கும் நார் ஓடுகிறதாம். இத்தனை வருடம் காகிதத்தோடு இருந்தும் எனக்குத் தெரியாது. றுஷ்தா ஒரு தாளைக் கிழித்துக் காட்டினாள். ஒரு பக்கம் நேராகக் கிழிந்தது. மற்றப் பக்கம் கோணல்மாணலாக.

“நார் போற பக்கமா வெட்டினா கீத்து செல்ற பேச்சக் கேக்கும். குறுக்க வெட்டிப் பாருங்க, ஈரம் பட்டதும் வில்லாட்டம் வளைஞ்சு நிக்கும். மாப்பிள்ளமார் மாதிரி ரெண்டு வகை ஈக்கி.”

நார்ப்பக்கமாக நாற்பது கீற்று வெட்டினேன். இளநீலம். கைக்கு என்ன ஒரு அமைதி!

ஒக்டோபர் 20, ஞாயிறு

எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். எங்களுடையது ஏழு. பின்னால் மழைத்தண்ணீர் ஓடும் ஒரு சிறிய கான், கானுக்குப் பின்னால் உடனே மலை. அடுப்பங்கரைப் பின்சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் மண் பரிசோதிக்க வந்தவர்கள் அதன் நுனியில் பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். இன்று தேங்காய் துருவும்போது பார்த்தேன். வெடிப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறது. ஒரு அரிசி நீளம். அல்லது எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா?

அப்பாவிடம் காட்டினேன். “அது பழைய வெடிப்பு புள்ள. ஒனக்கு முன்னாடியே பொறந்தது” என்றார்.

அப்பா அப்படிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடத்துக்கு முன் வந்த பெருமழையில் அப்பாதான் ஒவ்வொரு கதவாகத் தட்டி எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். மீரியபெத்தவில் மலை சரிந்து ஆட்கள் புதைந்தபோது மண் தோண்டப் போன கை அவருடையது. அங்கே பார்த்ததை இதுவரை வீட்டில் சொன்னதில்லை. பத்தொன்பது நாள் பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்தோம். மலை விழவில்லை. திரும்பி வந்தால் கோழிகளைக் காணோம், பெரியாயி அக்காவின் காஸ் சிலிண்டரைக் காணோம். அன்றிலிருந்து கணபதி என்ற பெயர் போய், அப்பா ‘மண்சரிவு மாமா’ ஆகிவிட்டார். த்ரீவீலர் ஓட்டும் சதீஸ்குமார் அண்ணன் வைத்த பெயர். பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அப்பா சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

யாரும் இல்லாதபோது ஒரு நீலக் கீற்றை எடுத்து வெடிப்பின் குறுக்கே ஒட்டினேன். பக்கத்தில் பென்சிலால் இன்றைய தேதி. சுவர் அசைந்தால் காகிதம் கிழியும். காகிதம் பொய் சொல்லாது.

ஒக்டோபர் 31, வியாழன். தீபாவளி

கீற்று கிழியவில்லை. அப்பாவுக்கு ஒரு அட்டை செய்து கொடுத்தேன், விளக்குப் படம் போட்டு. எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.

நவம்பர் 9, சனி

றுஷ்தா ஒரு குண்டைப் போட்டாள். “ஒங்க லயத்துல நீங்களே ஒரு வகுப்பு வைங்களேன். மிச்சக் காகிதம் எல்லாம் தாறேன்.”

பத்துப் பேர் முன்னால் பேசுவதா? எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. என் சுவரில் ஒரு கீற்று கிழிந்தால் யார் நம்புவார்கள்? மண்சரிவு மாமா மகள் என்றுதானே சொல்வார்கள்? அவரவர் சுவரில், அவரவர் பிள்ளை செய்த கீற்று கிழிந்தால்?

சரி என்று சொல்லிவிட்டேன். வரும் வழியெல்லாம் முதல் வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

நடத்தினேன். எங்கள் வாசல் பக்க இஸ்தோப்பில் பாய் விரித்து. பதினாறு பிள்ளைகள், ஆறு பெண்கள். முதல் பத்து நிமிடம் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு கை வேலை செய்ய, வாய் அதன் பின்னால் வந்தது. பிள்ளைகளின் விரலில் பசை, மூக்கில் பசை. பெரியாயி அக்கா மகள் ஒரு மஞ்சள் பூ செய்தாள், கடையில் வைக்கலாம் போல.

ஒவ்வொருவரும் ஒரு கீற்றின் நடுவில் சின்னப் பூ வைத்துச் செய்தார்கள். “சுவத்துல வெடிப்பு இருக்குமில்ல, அது மேல குறுக்க ஒட்டுங்க. அசிங்கம் மறையும்” என்றேன். பொய். பதினாறு முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய்.

சதீஸ்குமார் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். “பட்டதாரி புள்ள கடுதாசியால சொவரு பூசுது! தோட்டத்துத் தொரைக்கு சிமெந்து மிச்சம்டா!”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மகனும் ஒரு சிவப்புப் பூவை எடுத்துக்கொண்டு எட்டாம் காம்பராவுக்கு ஓடினான்.

நவம்பர் 20, புதன்

பெரியாயி அக்கா மகள் வந்தாள். பன்னிரண்டாம் காம்பரா, லயத்தின் கடைசி. “அக்கா, எங்க பூவு ரெண்டாயிருச்சு.”

புதிது தருகிறேன் என்றேன். அவள் போனதும் எங்கள் கீற்றைப் போய்ப் பார்த்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

பதினொன்றும் கிழிந்தது. பத்தும்.

எங்கள் கீற்று அப்படியே இருக்கிறது. நான் கேட்காமலே அப்பா சொன்னார்: “பாத்தியா, நம்ம சொவத்துக்கு ஒண்ணுமில்ல.” மனம் ஒரு நிமிடம் லேசானது. அப்புறம் ஒரு கேள்வி. நான் கீற்று ஒட்டியது எதற்கென்று அவரிடம் சொல்லவே இல்லையே?

நவம்பர் 24, ஞாயிறு

மழை. சுவரெல்லாம் ஈரம் ஊறி நிற்கிறது. எங்கள் கீற்று வில்லாக வளைந்து நடுவில் எழும்பி நிற்கிறது.

நான் வெட்டிய கீற்று அப்படி வளையாது. நார்ப்பக்கமாக வெட்டியது. இது அதே நீலம், ஆனால் குறுக்கே வெட்டியது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். ஓரத்தில் பசை இல்லை. நசுங்கிய ஒரு சோற்றுப் பருக்கை.

நகத்தால் மெதுவாக உரித்தேன். அடியில் என் கீற்று, இரண்டு துண்டாக. நடுவில் சுண்டுவிரல் நகம் போகும் இடைவெளி.

அப்பாவுக்குத் தெரியும்.

அப்பாவுக்குத் தெரியும். தெரிந்துதான் என் பெட்டியில் இருந்து தாளை எடுத்து, வெட்டி, சோற்றை வைத்து ஒட்டியிருக்கிறார். ஏன்? நான் பயப்படக் கூடாது என்றா? இன்னொரு முறை ஊர் சிரிக்கக் கூடாது என்றா? உரித்ததை மறுபடி ஒட்டி வைத்துவிட்டேன். நானும் அவர் மாதிரிதான்.

நவம்பர் 25, திங்கள்

காலையில் அப்பா ரொட்டியைப் பிய்த்தபடி தட்டைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அம்மா, “என்ன ரெண்டு பேரும் எழவு வீடு மாதிரி?” என்றார்.

தண்ணீருக்குப் போனபோது பார்த்தேன். மாட்டுக் கொட்டில் காலி. அப்பா பசுவைக் கொண்டுபோய்க் கீழே ரோட்டோரம் கட்டியிருக்கிறார். தலைக்கு மேல் தறப்பாள்கூடப் போட்டிருக்கிறார்.

மனதுக்குள் கத்தினேன்: மாட்ட மட்டும் மாத்திக் கட்டுனீங்களேப்பா! அது வாயில்லாத ஜீவன்னா நாங்க என்ன? எனக்கும்தான் வாயில்ல! இந்த வீட்ல யாருக்குத்தான் வாய் இருக்கு?

இன்று ஒன்பதும் எட்டும் கிழிந்திருக்கின்றன. பன்னிரண்டிலிருந்து எட்டு வரை வரிசையாக. எங்கள் ஏழு ஏற்கெனவே. மத்தியானம் ஒவ்வொரு வீடாகப் போய்க் கிழிந்த பூக்களை வாங்கி வந்தேன். புதியது தருவதாகச் சொல்லி. இன்னும் ஒரு பொய்.

நவம்பர் 26, செவ்வாய்

இன்றே எழுதிவிடுகிறேன்.

மழையால் வேலை இல்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒதுங்கி நின்றார்கள். லயத்து ஆட்கள் பாதிக்கு மேல் அங்கேதான், அப்பாவும். நான் போனேன். கையில் மடிப்பு மடிப்பாக விரியும் ஒரு நீள அட்டை. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கிழிந்த பூ, காம்பரா நம்பர், கிழிந்த நாள். விடியற்காலையில் இருந்து செய்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு நேராக எதையும் மடித்ததில்லை.

பேச நினைத்தேன். வரவில்லை. அட்டையை அப்பாவின் கையில் வைத்தேன்.

“என்னா புள்ள இது?”

“வாசிங்கப்பா. சத்தமா.”

அப்பா எழுத்துக்கூட்டி ஆரம்பித்தார். “பன்…னிரண்டு. பெரியாயி. புதன் கெழம.” அடுத்த மடிப்பு. “பதினொன்னு. வெள்ளி.”

“என்னா மண்சரிவு மாமா, கல்யாணப் பத்திரிகையா?” சதீஸ்குமார் அண்ணன். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்பா நிறுத்தவில்லை. “பத்து. வெள்ளி. ஒம்பது. திங்கள். எட்டு. சதீஸ்குமார். திங்கள்.”

சிவப்புப் பூ, இரண்டாக. அவர் மனைவி கிட்ட வந்து பார்த்தார். “ஆமாங்க. நம்ம பய ஒட்டுனது. இவன்தான் கிழிச்சிட்டான்னு நேத்து அவன அடிச்சிப்புட்டேனே…”

கடைசி மடிப்பு. ஏழு. அதில் எங்கள் சுவரில் இருந்து உரித்த இரண்டு கீற்றுகள் ஒட்டியிருந்தேன். என்னுடையது ஒன்று, அவருடையது ஒன்று. சோற்றுப் பருக்கையோடு. பெயரும் நாளும் எழுதவில்லை.

அப்பா அந்தப் பருக்கையை விரலால் தொட்டார். அப்புறம் அட்டையைப் பார்க்காமலே சொன்னார்:

“ஏழு, நம்ம காம்பரா. இது மொத மொதக் கிழிஞ்சது போன செவ்வாய். நாந்தான் சோத்த வச்சு ஒட்டி மறைச்சேன். நீங்கல்லாம் சிரிப்பீங்கன்னு.” அட்டையை மடித்தார். “சிரிங்க. பரவாயில்ல. ஸ்கூலுக்கு வந்து சிரிங்க. இங்க நிக்காதீங்க.”

யாரும் சிரிக்கவில்லை. முதலில் நகர்ந்தது சதீஸ்குமார் அண்ணன். த்ரீவீலரை ஸ்டார்ட் செய்து, “பெரியாயி அக்கா, ஒங்க வீட்டுக் கெழவிய மொத ஏத்துங்க” என்றார்.

பொழுது சாய்வதற்குள் பன்னிரண்டு குடும்பமும் பள்ளிக்கூடத்தில்.

நவம்பர் 28, வியாழன்

காலைத் தேத்தண்ணி நேரத்தில் ஒரு சத்தம். லொறி கல்லைக் கொட்டுவது போல, ஆனால் நிற்காமல். அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். அம்மா லயத்துப் பிள்ளைகளை எண்ணத் தொடங்கினார்.

டிசம்பர் 8, ஞாயிறு

எல்லோரும் இருக்கிறோம்.

ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை கூரை மட்டும் வெளியே தெரிகிறதாம். அப்பா அதிகாரிகளோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். “நம்ம அடுப்பங்கர இல்ல” என்றார். அவ்வளவுதான். புது வீடு எங்கே, எப்போது, யாருக்கும் தெரியாது. அதிகாரி ஒருவர் என் நீள அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு, தேதிகளை எழுதியது யார் என்று கேட்டார். கை தூக்கினேன். தூக்க முடிந்தது.

சதீஸ்குமார் அண்ணன் சாப்பாட்டு வரிசையில், “கணபதி மாமா, நீங்க முன்னுக்கு வாங்க” என்றார்.

றுஷ்தா ஒரு பெட்டி நிறையக் காகிதத்தோடு வந்தாள். மண்டபத் தரையில் பிள்ளைகள் கிறிஸ்மஸுக்கு நத்தார் அட்டை செய்தார்கள். “றுஷ்தா, அந்தக் கத்தரிக்கோலத் தாங்க!” என்று கேட்டேன். அவள் திரும்பி, பொய்யாக மயங்கி விழுந்தாள்.

ஆனாலும் பயம் போகவில்லை. இந்த மண்டபத்துச் சுவரிலும் மயிரிழை போல் ஒன்று ஓடுகிறது. அதன் மேல் ஒரு வெள்ளைக் கீற்று ஒட்டியிருக்கிறேன். அப்பா விடியுமுன் எழுந்து அதைப் பார்ப்பதை நான் பார்க்கிறேன். தூங்குவது போல் கிடந்து பார்க்கிறேன்.

இன்று அவருக்கு ஓர் அட்டை செய்தேன். வெளியே பூ இல்லை, படம் இல்லை. அவருக்கு வாசிக்க லேசாக இருக்கட்டும் என்று உள்ளே பெரிய எழுத்தில், பேசுவது போலவே எழுதினேன். இரண்டு வாரமாக வாயில் வைத்திருந்தது:

அப்பா, அடுத்த தடவ கிழிஞ்சா சோத்த வச்சு ஒட்டாதீங்க. என்னைய எழுப்புங்க.