தறி நின்ற மத்தியானம்

பள்ளிபாளையம்
12-5-83

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். வடக்கே போர்வெல் போடும் இடத்தில் வெயில் தாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தலைக்குத் துண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

பாப்பாவும் நலம்தான். விசைத்தறிச் சத்தத்திலும் அசையாமல் தூங்குகிறாள். "தறிக்காரன் ஊட்டுப் புள்ளைன்னா இப்பிடித்தான் இருக்கோணும் சாமி" என்று அத்தை அவளைக் கொஞ்சிக்கொண்டே இருப்பார்.

போன வாரம் மத்தியானம் கரண்ட் போய், நம் சந்தில் எல்லாத் தறிகளும் ஒரே நேரத்தில் நின்றன. சத்தம் நின்றால்தானே இங்கே குழந்தைகள் விழிக்கும்? வீட்டுக்கு வீடு அழுகை கேட்டது. நம் தொட்டில் மட்டும் அசையவில்லை. அத்தை பக்கத்தில் போய்த் தாம்பாளத்தைத் தட்டினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மறுநாளே பாப்பாவைக் கொண்டுபோய்க் காட்டினோம். ஈரோட்டு டாக்டர், "மூளையில கேக்கற நரம்பு, சின்ன வயசுல சத்தம் கேட்டுக் கேட்டுத்தாம்மா முதிரும். காதுக்கு மிஷின் வெச்சுப் பாக்கலாம். நாளைத் தள்ளாதீங்க" என்றார்.

இப்போது தறி ஓடும்போதும் எனக்கு அந்த மத்தியானத்து அமைதிதான் கேட்கிறது.

உங்கள் கடிதங்களைப் பாப்பாவை மடியில் வைத்துப் படித்துக் காட்டச் சொல்வீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள். என் வாய் அசைவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள், மாமா.

சீக்கிரம் வாருங்கள். வந்ததும் வாசலில் நின்று அவளைக் கூப்பிடாதீர்கள். நேரே உள்ளே வந்து அவள் கண்முன் நில்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பாப்பாவின் அம்மா