பத்தாவது பிள்ளை

அன்புள்ள மகன் செந்தமிழ்செல்வனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, உன் மகள் சத்யப்பிரியா மூவரும் சௌக்கியம். பெர்லினில் நீயும் மருமகள் இளவரசியும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாய் இருக்க நடராஜர் துணை இருக்கட்டும்.

நீ அனுப்பிய இருபது நிமிஷ வாய்ஸ் மெசேஜை முழுக்கக் கேட்டேன். பள்ளிக்கூடம் என்பதே எவனோ ஒரு ஜெர்மன் ராஜா சிப்பாய்களைத் தயார் பண்ணக் கண்டுபிடித்தது, வெள்ளைக்காரன் அதை இங்கே கொண்டுவந்து குமாஸ்தாக்களை உண்டாக்கினான், அதனால் பிள்ளையைக் கடலூர் செம்மண்டலத்தில் உன் மாமனார் வீட்டில் விட்டு அங்கே புதுமாதிரிப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்கிறாய். என்னமாய்க் கண்டுபிடித்தாய்! சொல்லைத் தட்டாமல் போன புதன்கிழமை பிள்ளையோடு போனேன். பரீட்சையே கிடையாதாம் அங்கே. உள்ளே நுழைய மட்டும் உண்டு, அதுவும் எனக்கு. குழந்தை வளர்ப்பில் உங்கள் தத்துவம் என்ன என்று ஏசி ரூமில் ஒரு பெண் கேட்டாள். முப்பது வருஷம் கடலூர் சிதம்பரம் பஸ்ஸில் தலை எண்ணினவனுக்கு என்ன தத்துவம்? மண்ணில் விளையாட தனி பீரியட் உண்டு என்று வேறு பெருமை. நம் ஊரில் மண்ணில் விளையாடினால் அடிதான் விழும், அங்கே அதற்கு பீஸ். பிள்ளையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

நம் ஊர்ப் பள்ளியை எந்த ராஜாவும் கட்டவில்லை, தெரிந்துகொள். என் அம்மாவைப் பெற்ற தாத்தாவும் இன்னும் மூணு பேரும் களத்துமேட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு ஆரம்பித்தார்கள். இருபது பிள்ளை இருந்தால்தான் அங்கீகாரம் என்று இன்ஸ்பெக்டர் மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். இருந்தது பத்தொன்பது. தாத்தா ஓடிப்போய் ஆடு மேய்த்த தன் மகளை இழுத்து வந்து உட்கார வைத்தார். ஊருக்கே பள்ளிக்கூடம் திறந்த பெரிய மனுஷனுக்கு, தலை குறையும்வரை பெற்ற பெண் நினைவுக்கே வரவில்லை பார்! இன்ஸ்பெக்டர் போனதும், போம்மா ஆடு பயிர்ல எறங்கிடும் என்றாராம். நான் எழுந்திரிக்க மாட்டேன் போப்பா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். அவள்தான் என் அம்மா, உன் ஆயா தில்லையம்மாள். அவள் எழுத்துக் கூட்டிச் சொல்லித்தந்துதான் நான் கண்டக்டர் ஆனேன், நீ பெர்லின் போனாய்.

இப்போது அந்தப் பள்ளியில் ஒன்பது பிள்ளைகள். பத்தாவது இல்லையென்றால் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டு இதைப் பூட்டிவிடுவார்கள் என்று எச்.எம். மேரி ஷாலினி அழாத குறை. பள்ளியைக் காப்போம் என்று கூட்டம் போட்டான் பழைய மாணவர் சங்கத் தலைவர் ஸ்ரீதர். உன் பிள்ளைங்க எங்கடா என்றேன். அது வேற மாமா, அவுங்க சிதம்பரம் இங்கிலீஷ் ஸ்கூல் வேன்ல போறாங்க என்றான். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். நான் மட்டும் யோக்கியனா? உன்னை மூணாவதிலேயே பிடுங்கி அதே வேனில் ஏற்றினவன்தானே. அன்று நான் செய்த அசிங்கத்தைத்தான் இன்று நீ ஜெர்மன் ராஜா பெயரில் செய்கிறாய்.

பள்ளி மாறவேண்டாமா என்றால், வேண்டும்தான். டீச்சருக்குப் பாதி நாள் செல்போனில் வருகைக் கணக்கு ஏற்றவே சரியாய்ப் போகிறது, அஞ்சு வகுப்புக்கும் ரெண்டே பேர். பிள்ளைகள் கக்கூசுக்குப் பூட்டு, சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதை ராஜாவா வந்து பூட்டினான்? கேட்க ஆளில்லை, கேட்கத் தெரிந்தவன் பிள்ளையெல்லாம் வேனில் போகிறது. திங்கட்கிழமை நானே போய்ப் பூட்டை உடைத்தேன். எந்த உரிமையில் உடைச்சீங்க என்று பஞ்சாயத்து கிளார்க் குதித்தான். என் பேத்தி ஒண்ணாம் வகுப்பு, அவதான் பத்தாவது தலை என்றேன்.

உன்னைக் கேட்காமல்தான் பிள்ளையை இங்கே சேர்த்தேன், கேட்டால் இன்னும் இருபது நிமிஷம் பேசியிருப்பாய். அம்மாவுக்கும் இதில் சம்மதம்தான். நீங்கள் இருவரும் நீடூழி வாழ்க. இளவரசியின் இருமலுக்கு மிளகு கஷாயம் மறக்காதே. திட்டுவதானால் நம் ஊர் நேரம் நாலரைக்கு மேல் போன் பண்ணு, அதுவரை நானும் பிள்ளையும் ஸ்கூலில் இருப்போம்.

இப்படிக்கு,
உன் அப்பா
சபாபதி