திங்கட்கிழமையில் நிற்கும் கடிகாரம்

அண்ணே,

தோல் வாரில் இன்னும் உங்கள் வியர்வை வாசம் இருக்கிறது. இன்று மதியம் அண்ணி திகாம் பத்துவில் என் வீட்டுக்கு வந்து, உங்கள் இரண்டு கைக்கடிகாரங்களையும் குழந்தையின் பால் புட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

"ஒன்னு உனக்கு, இன்னொன்னு என் பெரியவனுக்கு. முதல்ல தங்கச்சிதான் எடுக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஞாயித்துக்கிழமை நாப்பதாம் நாள் பூசைக்கு வர்றப்ப சொல்லிடு."

என் வீட்டுக்காரர் இரவு வேலைக்குக் கிளம்பும்போது, "ரெண்டும் வேணாம்னு சொல்லிடு லா" என்றார். உங்கள் கடைசிச் சொல்லை எப்படி வேண்டாம் என்பது?

மாதத்துக்கு முப்பதா, முப்பத்தொன்றா என்று தானே அறிந்து தேதி காட்டுகிறதே, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை மாதிரி என்று அதற்கு நீங்கள் வைத்த பெயர் கிராணி. விளிம்புப் பொத்தானைத் தள்ளினால் மாதாகோயிலில் மணியடிப்பவர் மாதிரி மெல்ல மணியடித்து நேரம் சொல்வது கோயில்பிள்ளை. பினாங்குக் கடையில் ஒரு கைக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு நீங்கள் நடந்த நடை! அப்போது நான் நிறைமாதம்.

"எதையாவது எடுங்கண்ணே, கால் வீங்குது."

"பொண்ணு பார்க்கப் போனப்பகூட நான் இவ்வளவு யோசிக்கலமா."

"அண்ணிகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லு. அப்புறம் ரெண்டும் கிடையாது."

கிராணியை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். பாலத்தில் பாதி வழியில் மற்றதை விட்டுவந்தது உங்களுக்குத் தாங்கவில்லை. பாலத்தில் வண்டியைத் திருப்ப வழி கிடையாது. அக்கரையில் பிறை ஊர் வரை போய்த்தான் திரும்பி வந்து அதையும் வாங்கினோம்.

எனக்கு அந்த மாதிரி இரண்டாவது வாய்ப்பு இல்லை. கோயில்பிள்ளையை எடுத்தால், விளக்கணைத்த ஆஸ்பத்திரி வார்டில் நீங்கள் போர்வைக்குள் அதை அடிக்கவைத்துக் கேட்ட ஓசையும் கூடவே இந்த வீட்டுக்குள் வந்துவிடும். கிராணியை எடுத்தால் தினமும் கட்டவேண்டும், இல்லையென்றால் சாவி கொடுக்க வேண்டும். விட்டால் நின்றுவிடும். காய்ச்சலா, பசியா, மூச்சு வருகிறதா என்று நாளெல்லாம் ஒரு குழந்தையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கிரில் கதவைத் தாண்டி வாசலுக்குப் போய் எத்தனை நாளாயிற்றோ. இன்னொன்றையும் நிற்காமல் காக்க எனக்குக் கை ஏது?

கிராணி நின்றுதான் கிடந்தது, உங்களை அடக்கம் செய்த மறுநாளைக் காட்டியபடி. அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நீங்கள் காட்டித் தந்தபடி ஊசியால் பக்கத்துக் குழியை அழுத்தினேன். ஒரு அழுத்து, ஒரு நாள். நீங்கள் இல்லாமல் நான் கடந்த நாட்களெல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. தொட்டிலில் இவன் வீறிட்டான். விரல் நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் இன்றும் போய், ஞாயிறும் போய், திங்கள்.

குருணில் உங்கள் லாரி ஆபிசில் நீங்களும் இதே தப்பைச் செய்தீர்கள். "இதுக்குப் பின்னால நடக்கத் தெரியாதுமா. சாவி கொடுக்குற திருகை இழுத்து நிறுத்தி வச்சிடு, நாள் வந்து பிடிச்சிக்கும்" என்றீர்கள். அதுவரை கோயில்பிள்ளையையும் கட்டவில்லை. "கட்டினா இது கோவிச்சிக்கும்" என்று டிரைவர்களிடமே மணி கேட்டுத் திரிந்தீர்கள். "முதலாளி, உங்க கடிகார விலைக்கு ஒரு லாரி வருமே" என்று ஒருவர் சிரித்தது ஞாபகம் இருக்கிறதா?

நானும் திருகை இழுத்து வைத்துவிட்டேன். நாள் தப்பிய கடிகாரத்தைப் பெரியவன் கையில் கொடுக்க முடியாது. அவனுக்கு இதை ஓட்டத் தெரியாது, நீங்கள் காட்டித் தந்தது எனக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அண்ணி கேட்டால் கிராணி என்றுதான் சொல்வேன். தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். மாட்டிக்கொண்டேன்.

உங்கள் பூசைக்குக் கடிகாரம் கட்டாத வெறுங்கையோடு வருவேன். மேசைமேல் இருக்கும் இது அந்தப் பூசையை ஏற்கெனவே தாண்டிப் போய் எனக்காக நிற்கிறது. திங்கட்கிழமை காலை இவனுக்குப் பால் கொடுத்த கையோடு திருகை உள்ளே அழுத்த வேண்டும். அதன் பிறகு நீங்கள் இல்லாத நாட்களை இது ஒன்றுவிடாமல் எண்ணும். நான் நிற்கவிடக் கூடாது.