அசைகிறது என்று நான் சொன்னது

பெரியம்மா, கூட்டாமல் குறைக்காமல் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்கு வெட்கமானதையும் சேர்த்து.

நேற்றுக் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது உள்ளறையிலிருந்து மிளகு வாசம் தூக்கலாக வந்தது. எட்டிப் பார்த்தேன். மிளகு மூட்டையின் மேல் வயிற்றை அழுத்தி நீங்கள் குப்புறக் கிடந்தீர்கள், முடி தரையில் வழிய. "பெரியம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். தலை நிமிர்ந்தது. அம்மாவின் முகம். நீங்கள் இறந்து மூன்று வருடமாகிறது.

"உள்ள யாரோ முறுக்கிப் புழியறாப்புல இருக்குது கண்ணு," என்றாள் அம்மா. நீங்கள் சொல்லும் அதே வார்த்தைகள், உங்கள் குரலிலேயே.

மலைமேல் நம் குண்டனி நாட்டு ஊரில் மற்றப் பெண்கள் விலக்கு நாட்களில் ஊர்க்கோடிக் கொட்டகையில் மூன்று நாள் தங்கித் திரும்பிவிடுவார்கள். நீங்கள் பத்து நாள், பன்னிரண்டு நாள் இருப்பீர்கள். உதிரம் நின்றால்தானே வீட்டுக்குள் வரலாம்! நான் சோற்றை வாசல் கல்லில் வைத்துவிட்டு, தள்ளி நின்று நூலகப் புத்தகம் வாசிப்பேன். வரவர உங்கள் கன்னம் மெழுகாய் வெளுத்தது. வயிறு மட்டும் மேடிட்டது.

கல்யாணமாகி ஒன்பது வருடம் பிள்ளையில்லை. ஓடையில் துவைக்கும் பெண்கள் விடுவார்களா?

"ஏனுங்க, இது எத்தனாவது மாசமுங்க?"

"மாசாமாசம் கொட்டகைக்குப் போறவகிட்டப் போயி மாசம் கேக்கறா பாரு!"

"கன்னிமாரு புடிச்சு வெச்சிருக்குதுங்க. பூசை போட்டா எறங்கி வந்துரும்."

முதலில் நீங்களும் சிரித்தீர்கள். பிறகு சிரிப்பதில்லை. கொட்டகைக்குள் தாழ்ந்த குரலில் நீங்கள் பேசுவது எனக்குக் கேட்கும். உள்ளே வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

நேற்றே அம்மாவை முள்ளுக்குறிச்சி வழியாகக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தேன். ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு வீக்கத்தைக் காட்டினார்.

"இதுக்கு அடினோமயோசிஸ்னு பேரு. கருப்பையோட உள்தோல் அதோட சதைக்குள்ளயே புகுந்து வளருது. மாசாமாசம் அங்கயும் ரத்தம் கசியும். அதான் வலி, வீக்கம், இவ்வளவு போக்கு."

"வெளிய பாத்தா கர்ப்பம் மாதிரி தெரியுமுங்களா?" என்று கேட்டேன்.

"சிலருக்குத் தெரியும். பயப்படாத, வைத்தியம் இருக்கு. மொதல்ல ரத்தம் ஏத்தணும். இன்னும் தள்ளிப் போட்டிருந்தா உசுருக்கே ஆபத்து."

"எங்கக்காளுக்கும் இதுதானுங்களா?" என்றாள் அம்மா.

"பாக்காம எப்படிம்மா சொல்றது? இருந்திருக்கலாம்."

பெரியம்மா, உங்களையும் ஸ்கேனுக்குக் கூட்டிப்போக ஊர் நர்ஸ் ஜீப் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின சாயங்காலம், யாரையும் தொடக்கூடாத நாளில், நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்து உங்கள் வயிற்றில் வைத்தீர்கள்.

"அசையுதா சாமி? நீ பொய் சொல்லமாட்டே."

உள்ளங்கைக்கு அடியில் கல் போலக் கனம். அசைவே இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தேன். "ஆமாங்க பெரியம்மா, அசையுது," என்றேன்.

காலையில் வந்த ஜீப்பைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அடுத்த மாதம் அதே கொட்டகையில் மயங்கி விழுந்தீர்கள். கீழே கொண்டு போகையில், கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் உங்கள் உடம்பு குளிர்ந்துவிட்டது.

இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. இன்று அம்மாவிடம் சொன்னேன். ரத்தம் இறங்கும் குழாயைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"என் கையையும்தான் புடிச்சு வயித்துல வெச்சா கண்ணு. மெய்யாலுமே அசைஞ்சுது."

என்னைத் தேற்றச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. அவள் பயந்திருந்தாள்.

என் கைக்கு எதுவும் அசையவில்லை, பெரியம்மா. அதுதான் உண்மை. ஆனால் அந்தக் கனம் இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது; பேனா பிடித்து எழுதும்போதும் இறங்குவதில்லை. அம்மா தூங்கிவிட்டாள். அவள் வயிற்றின் மேல் கிடக்கும் போர்வையின் பக்கம் திரும்பாமல், வராந்தா வெளிச்சத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வார்டில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.