அந்தச் சொல் உனக்குரியதன்று

பலெர்மோ
14.10.2006

அன்பு மகள் பிரசாந்தினிக்கு,

ஹொங்கொங்கில் நீயும் மருமகனும் பேத்தியும் குறைவின்றி வாழ வேண்டுகிறேன். இங்கே நான் நலம். உன் அம்மா நலமாக இல்லை. தொலைபேசியில் அவள் உன்னிடம் நலமென்றே சொல்லிவந்தாள். பக்கத்தில் இருந்தும் நான் திருத்தவில்லை. நீரிழிவு அவள் கண்களைப் பறித்துவிட்டது. வலக்கண் மாசியோடு அணைந்தது. இடக்கண்ணில் நிழல்போல் ஏதோ தெரிகிறது. அதன்பின் நீ அவளுக்கு எழுதிய ஆறு கடிதங்களும் பிரிக்கப்படாமல் சாமிப்படத்தின் கீழே கிடந்தன. வாசித்துக் காட்டும்படி அவள் கேட்டபோதெல்லாம் நான் மறுத்தேன். நீ சீனரொருவரை மணந்த ஆண்டு, பொங்கல் விழா மேடையில், முந்நூறு பேர் முன்னிலையில், மகளின் முகத்தையும் பாரேன், எழுத்தையும் பாரேன் என்று சூளுரைத்தவன் அல்லவா நான். கடந்த ஞாயிறு அவள், அந்தச் சத்தியம் உங்கட கண்ணுக்குத்தானே, என்ர கண்ணும் அதுக்குள்ளை அடக்கமோ என்று கேட்டாள். கடிதங்களைப் பிரித்தேன்.

மூன்றாவதில், உன் மாமியார் அடிக்கடி சொல்லும் கன்டோனியத் தொடர் ஒன்றை எழுதியிருந்தாய். லோ லாய் சொய். சும்மா கிடந்த கேடு ஒன்றைத் தானே போய் எடுத்து வருவது என்று பொருள். குடையின்றி மழையில் திரிந்து காய்ச்சலில் கிடக்கும் மகனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே அதைச் சொல்வார் என்றும், ஊழால் அடிபட்டவரிடம் ஒருபோதும் சொல்லார் என்றும் விளக்கியிருந்தாய். அதன் கீழே, நான் அப்பாவை இழந்ததும் அப்படித்தான் அம்மா, நானே போய் எடுத்து வந்தது என்று ஒரு வரி. அந்த வரியில் என் குரல் நின்றுவிட்டது. என்னப்பா, மேடையிலை அடைக்காத தொண்டை இஞ்சை அடைக்குதோ என்றாள் அம்மா. பிறகு, எங்கட சம்பந்தி உங்களைக் காணாமலே அந்தச் சொல்லை உங்களுக்கு அளவெடுத்துத் தைச்சிருக்கிறா என்று சிரித்தாள். சிரித்தபடியே அழுதாள்.

மகளே, உன் விளக்கம் சரி. பொருத்திய இடம் பிழை. நீ விரும்பியவரை மணந்தாய், அதில் கேடேதும் இல்லை. அம்மாவின் கண் போனது நோயின் வேலை. எவரும் கேட்டுக்கொள்ளாத சூளுரையைக் கைதட்டலுக்காகச் செய்து, தன் வீட்டுக் கதவைத் தானே அடைத்தவன் நான். அந்தச் சொல் எனக்குரியது. வருகிற பொங்கலில் அதே மேடையில், அதே ஒலிவாங்கியின் முன் இதைச் சொல்வேன். நீ அதுவரை காத்திராதே. இடக்கண்ணின் வெளிச்சம் மார்கழிவரை நிற்குமென உறுதிகூற மருத்துவர் மறுக்கிறார். பேத்தியை அவள் ஒருமுறையேனும் கண்டதில்லை. கால்சாப் பகுதியில் நான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவிடம் விடுப்புக் கேட்டாயிற்று. விமான நிலையத்தில் நானே நிற்பேன்.

உங்கள் மூவருக்கும் எங்கள் வாழ்த்து. குழந்தைக்குக் கடுஞ்சிவப்பில் சட்டை போட்டுக் கூட்டி வா. சிவப்பு மட்டும் அம்மாவுக்கு இன்னும் பிடிபடுகிறது. இக்கடிதம் கிடைத்த அன்றே பயணச்சீட்டை எடு.

உன் எழுத்தைப் பார்த்துவிட்ட அப்பா,
குணரத்தினம்