பாதியில் நிறுத்தச் சொன்ன கவிதை

11.8.91, ஞாயிறு. ஆவடி.

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. சாயங்காலம் சர்ச்சில் பெண்கள் கூட்டம். பக்கத்து குவார்ட்டர்ஸ் மேரி தான் எழுதிய கவிதையைப் படித்தாள். அதில், மாமியாரும் கணவனும் எவ்வளவு ஏசினாலும் வாய் திறக்காத ஒருத்தி, ஒருநாள் தண்ணீர் கேட்ட குழந்தையைக் கன்னம் வீங்க அறைந்துவிடுகிறாள். அந்த இடம் வந்ததும் தலைவியம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

“போதும்மா. கோவத்த அடக்குறதுதான் பொம்பளைக்கு அழகு.”

அடக்கியதால்தானே அந்தக் குழந்தை அடி வாங்கியது! அதுகூடவா புரியவில்லை? மேரி தாளை மடித்துக்கொண்டு உட்காரப் போனாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“நீ படி மேரி. யாரு இன்னா சொல்றாங்கன்னு நான் பாத்துக்கறேன்.”

மீதியையும் படித்து முடித்தாள். கடைசி வரியில் அந்தத் தாய் தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். யாரும் கை தட்டவில்லை. தலைவியம்மா ஜெபத்துக்கு எழச் சொன்னார். அவருடைய மருமகள் மட்டும் எழவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து நாங்கள் குரலே கேட்டிராத பெண். மடியில் பிள்ளை தூங்க, மேரியைப் பார்த்துச் சொன்னாள்:

“அக்கா, இன்னொரு தபா படிங்க.”

இந்நேரம் அந்த வீட்டில் அவளை என்ன பாடு படுத்துகிறார்களோ. விடிந்ததும் போய்ப் பார்க்கத்தான் போகிறேன். யார் தடுக்கிறார்கள், பார்ப்போம்.