மதிக்குச் சுற்றிய கம்பி

2025 தை (ஜனவரி) 12, ஞாயிறு

நான் என் மகனை வீட்டை விட்டுத் துரத்தவில்லை. நாங்கள் போகும் திரிம்பாக் கோயில் மடப்பள்ளியில் யோகாம்பாள் அப்படிச் சொல்லிக்கொண்டு திரிகிறாளாம். "அழகிப்பிள்ளை அக்கா உடைஞ்ச கையோட பிள்ளையை ரோட்டில விட்டிட்டா." ரோட்டில் இல்லை. மதி லோசானில், தன் சிநேகிதன் சுபேசன் வீட்டில், கட்டிலில் படுத்து எழும்புகிறான். பையைக் கட்டியதும் அவன், கதவைத் திறந்ததும் அவன்.

நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். மார்கழியில் பனியில் சறுக்கி மதிக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. கிப்ஸ் என்கிற மாவுக்கட்டுப் போட்டார்கள். அவன் சிகரெட்டை விட்டு மூன்று வருடம். அதற்குப் பதிலாக அந்த வேப், திரவத்தைச் சூடாக்கி ஆவி இழுக்கிற மின்பெட்டி. அதற்குள் சூடாகும் கொயிலைக் கடையில் வாங்க மாட்டான், தானே செய்வான் — தலைமயிரை விடக் கொஞ்சம் தடித்த கம்பியை ஒரு சிறிய இரும்புக் குச்சியில் சுற்றி, குச்சியை உருவி, அந்த ஓட்டைக்குள் பஞ்சைக் கோர்த்து. ஒற்றைக் கையால் அது ஏலாது. சாப்பாட்டு மேசையில் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கேட்டான்:

"அம்மா, இந்தக் கம்பியைப் பிடிச்சு ஏழு சுத்துச் சுத்தித் தாங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

நான் சொன்னேன்: "அப்பாவுக்கு நீ கொள்ளி வைச்சாய். உனக்கு வைக்கிற கொள்ளியை என்ர கையால செய்து தரச் சொல்லுறியோ?"

அவன் கீழே போய்க் கியோஸ்கில் சிகரெட் வாங்கிவந்து, பால்கனியில் நின்று இடது கையால் பற்ற வைத்தான். லைட்டர் மூன்று நாலு தரம் நழுவியது. நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். மறுநாள் போய்விட்டான்.

ஆகவே யோகாம்பாள் சொல்வது பிழை. ஆனால் முழுப் பிழையோ?

தை 15, புதன்

சுபேசன் போன் எடுத்தான். "பெட்டி பெட்டியாச் சிகரெட் பத்துறான் அம்மா. நான் சொன்னாக் கேக்கிறானில்லை." என் அழைப்பை மதி எடுப்பதில்லை.

தை 18, சனி

இன்று என் சலவை நாள். மதி கம்பிச் சாமான்களோடு விட்டுப்போன பிஸ்கட் தகரத்தை உடுப்புக் கூடையின் அடியில் வைத்துக் கீழ்த்தளத்துச் சலவை அறைக்குக் கொண்டு போனேன். மேல் வீட்டு ராம்பிரசாத் அங்கே தன் சட்டைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். சென்னைக்காரர், பாடன் நகரில் மின்பொறியியலாளர். அவரும் முன்பு இதை ஊதியவர் என்று மதி ஒருமுறை சொன்னது நினைவிருந்தது. தகரத்தைத் திறந்து காட்டினேன்.

"ஆன்ட்டி... இது உங்களோடதா?"

"என்னைப் பார்த்தா எப்படித் தெரியுது?"

"யாரையும் பாத்துச் சொல்ல முடியாது ஆன்ட்டி. எங்க டைரக்டரே பாத்ரூம்ல நின்னு ஊதறார்."

விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். ரெடிமேட் காயில் கடையில் கிடைக்கும், பக்கத்தில் ஒல்டனிலேயே இருக்கிறது, தானே வாங்கிவந்து தருவதாகச் சொன்னார்.

"என்ர மகன் என்னட்டக் கடைக் கொயில் கேக்கேல்லை" என்றேன்.

"ஓம்ஸ் லா தெரியுமா?"

மட்டக்களப்புக் கொன்வென்றில் பௌதிகவியலுக்குக் கன்னியாஸ்திரி ஒருவர் எங்களைப் பிரம்போடு படிப்பித்தவர். சூத்திரத்தை மூன்று விதமாகவும் சொன்னேன். ராம்பிரசாத் கைகளைத் தூக்கிவிட்டார். "சரி, சனிக்கிழமை சனிக்கிழமை சொல்லித் தரேன். ஆனா அனுபமாவுக்குத் தெரியக் கூடாது. நான் திரும்ப ஆரம்பிச்சிட்டேன்னு நெனச்சு என்னைக் கீழ கெல்லர் ரூம்ல படுக்க வச்சிடுவா."

மனைவிக்கு ஒளிக்கும் காரியத்துக்கு நான் உடந்தையாவதா? ஆனேன்.

தை 25, சனி

முதற்பாடம். மதி பெட்டியையும் பற்றறியையும் கொண்டு போய்விட்டான். தகரத்தில் இருப்பது கம்பி, குச்சி, வெட்டி, கொயில் பூட்டும் தலை இரண்டு. சோதிக்க ராம்பிரசாத் தன் பழைய பெட்டியை நிலவறைக் கெல்லரிலிருந்து பனிச்சறுக்குச் சப்பாத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார்.

கம்பியைப் பூட்டி முடியும் வரை பற்றறியைத் தொடக்கூடாது. பற்றறியின் மேலுறை கிழிந்திருந்தால் அது குப்பை, இரக்கம் பார்க்கக்கூடாது. வீட்டுத் திறப்போடும் சில்லறையோடும் பேர்சுக்குள் போடவே கூடாது. கம்பியின் கால்களைத் திருகாணியோடு ஒட்ட வெட்ட வேண்டும்.

நான் சுற்றியதைப் பூட்டிப் பெட்டியில் வைத்ததும் திரையில் கம்பியின் தடை 0.2 ஓம் என்று வந்தது. அவர் உடனே பற்றறியைக் கழற்றினார்.

"கால் ஒண்ணு பாடியைத் தொடுது பாருங்க. ஷார்ட். இந்தப் பெட்டிக்கு அறிவு இருக்கு, கரண்ட்டை விடாது. எல்லாப் பெட்டிக்கும் அறிவு இருக்கும்னு நம்பாதீங்க."

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். தொட்டுக்கொண்டுதான் இருந்தது. எனக்கு இப்படிப் பிழைவிட்டுப் பழக்கமில்லை.

மாசி 1, சனி

வர வேண்டிய 0.9 வந்தது. இரண்டு தலையிலும்.

பொத்தானை ஒரு கணம் அமத்திவிட வேண்டும், பிறகும் ஒரு கணம். கம்பி நடுவில் சிவந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரிப் பரவினால் சரி. ஒரு ஓரம் மட்டும் பளீரென்று எரிந்தால், பொத்தானை விட்டு, ஆறிய பிறகு இடைவெளியைச் சீராக்க வேண்டும். சிவந்திருக்கும்போது இரும்புச் சாவணத்தால் தொடப்போனேன், அவர் என் கையைத் தட்டிவிட்டார். பிறகு மன்னிப்புக் கேட்டார்.

"சூப்பர் ஆன்ட்டி. நான் கத்துக்க ரெண்டு மாசம் ஆச்சு. அடுத்த வாரம் பஞ்சு. அதுதான் கொஞ்சம் நுணுக்கம்."

படியேறும்போது சந்தோஷமாக இருந்தது. பிறகு, இவ்வளவு இலேசான காரியத்தையோ மறுத்தேன் என்று நினைத்ததும் அது போய்விட்டது.

மாசி 4, செவ்வாய்

பஞ்சுக்குச் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டுமா? இந்தக் கோயில் விளக்குகளுக்கு எத்தனை வருடமாகத் திரி உருட்டிக் கொடுக்கிறேன். என் திரி சாயாது, பிரியாது என்று ஐயரே சொல்லியிருக்கிறார். பஞ்சு எனக்கு யார் படிப்பிப்பது?

விளக்குத் திரிக்கு வைத்திருந்த நல்ல பஞ்சை எடுத்து, வழக்கம்போல விரல் நுனியில் விபூதி தொட்டு, இறுக்கி உருட்டி, இரண்டு கொயிலுக்கும் கோர்த்தேன். மதியின் கையில் கிப்ஸ். அவன் பெட்டியில் பூட்டினால் மட்டும் போதும் என்று இருக்க வேண்டும். பொதி செய்து தபாலில் போட்டாயிற்று. உள்ளே ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. கம்பியைப் பார்த்தால் விளங்கும்தானே.

மாசி 8, சனி

ராம்பிரசாத் பஞ்சுப் பொட்டலத்தோடு வந்தார். அது முடிந்துவிட்டது, அனுப்பியும் விட்டேன் என்றேன். எப்படிப் போட்டீங்க என்று கேட்டார். பெருமையாகத்தான் காட்டினேன் — விபூதியைத் தொட்டு, உள்ளங்கையில் ஒரு திரி உருட்டி.

அவர் அந்தத் திரியை வாங்கிப் பிரித்துப் பார்த்தார்.

"ஆன்ட்டி, இது விளக்குக்கு. விளக்குல எரியணும். இதுல பஞ்சு எரியவே கூடாது."

முறுக்கினால் திரவம் உள்ளே ஊறாதாம். ஊறாத பஞ்சு கம்பிச் சூட்டில் கருகுமாம். கருகிய புகை நேரே நெஞ்சுக்குள். அதோடு சாம்பலும்.

"போன் பண்ணுங்க. இப்பவே."

எடுத்தேன். மதி எடுக்கவில்லை. சுபேசன் வேலையில். பாவிக்காதே, பாவிக்காதே என்று செய்தி அனுப்பினேன். வாசித்ததாகக் காட்டவில்லை. ஒரு சனிக்கிழமை. ஒரேயொரு சனிக்கிழமை பொறுத்திருந்தால் என்ன, உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?

மாசி 9, ஞாயிறு

சுபேசன் பேசினான். பொதி வெள்ளியே போய்ச் சேர்ந்துவிட்டதாம். மதி உடனே பூட்டி இழுத்திருக்கிறான்.

"கண் தண்ணி வர இருமினவன் அம்மா. இப்ப சுகம், பயப்பிடாதேங்கோ."

"தம்பி, நான் பஞ்சைப் பிழையா வைச்சிட்டன் எண்டு சொல்லும்."

"அவன் பிழையெண்டு நினைக்கேல்லை. பஞ்சில விபூதியைக் கண்டவன். நீங்கள் கோயில்ல வைச்சு, வாய் கருகட்டும், இனித் தொடாம இருக்கட்டும் எண்டு நேர்ந்து அனுப்பினீங்களாம். 'இதுக்கு அம்மா சும்மா இருந்திருக்கலாம்' எண்டு சொன்னான். பிறகு வெளியில போய் ஒண்டு பத்தினான்."

மாசி 11, செவ்வாய்

தைப்பூசம். கோயிலுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று யோகாம்பாளுக்குச் சொல்லியனுப்பினேன். பொய்.

என்னை அப்படி நினைக்கிறவனுக்கு நான் ஏன் விளக்கம் சொல்ல வேண்டும்? மந்திரித்த நூலும் சாம்பலுமாகத் திரிகிறவளா நான்? நேரே சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

ஓம், நேரே சொல்லித்தான். கொள்ளி என்று நேரே சொன்னவள்தானே. பிறகு அவன் என்னத்தை நினைப்பான் — ஏன் நினைக்க மாட்டான் — நான் என்ன அன்பாக் கதைச்சு அனுப்பின ஆளோ?

இவர் இருந்தபோது, மதியின் அப்பா தியாகலிங்கம், கட்டிலுக்குப் பக்கத்திலேயே புகைப்பார். சாம்பல் கிண்ணத்தைக் காலையில் நான்தான் கழுவி வைப்பேன். ஒரு நாளாவது விடச் சொல்லிக் கேட்டேனா? வீட்டுக்காரரிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை என்று இருந்தேன். கடைசியில் ஒட்சிசன் குழாயோடு இருந்தபோதும் கேட்கவில்லை. அவரிடம் பேச வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்து மகனிடம் பேசினேன். அதுவும், சிகரெட்டை விட்டுவிட்டவனிடம்.

மாசி 15, சனி

பஞ்சுப் பாடம், ராம்பிரசாத்தின் பழைய தலையில். ஒரு கீற்றுப் பஞ்சை எடுத்து, சீப்பால் வாருவது போல வாரி, நுனியை மட்டும் கூராக்கி, கொயிலுக்குள் இழுக்க வேண்டும். இழுக்கும்போது கொயில் கொஞ்சம் கூடவே வர வேண்டும், வளையக்கூடாது. பஞ்சின் இரண்டு வாலையும் தலையிலுள்ள குழிக்குள் படுக்க வைக்க வேண்டும், அடைக்கக்கூடாது. திரவம் ஊறி நன்றாக நனைந்த பிறகே சூடு.

என் விரல்கள் தாமாகவே உருட்டப் பார்க்கின்றன. "விடுங்க ஆன்ட்டி, லூஸா விடுங்க" என்று அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்.

மாசி 19, புதன்

மதி சிகரெட் வாங்கவென்றே லோசான் மெட்ரோவில் இறங்கி ஏறுகிறானாம். சுபேசன் சொன்னான். நான் கேட்காமலே சொன்னான்.

மாசி 24, திங்கள்

தபாலில் ஒரு தடித்த உறை. லோசான் முத்திரை. உள்ளே நான் அனுப்பிய தலை இரண்டும்.

கடிதம் இல்லை. உறையைக் கிழித்துப் பிரித்து உட்பக்கமும் பார்த்தேன். வெளியே விலாசம் மட்டும், சிறுபிள்ளை எழுத்துப் போலக் கோணலாக. இடது கை.

வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிட்டான் என்று எடுத்து வைத்துவிட்டேன். பின்னேரம் ராம்பிரசாத் வந்து பார்த்துவிட்டு ஜன்னலடிக்குக் கொண்டு போனார்.

"ஆன்ட்டி, கழுவியிருக்கான். கருகின பஞ்சை எடுத்துட்டு, உள்ளல்லாம் கழுவிக் காய வச்சிருக்கான். ஒத்தைக் கையால."

"திருப்பிக் குடுக்கிறதைக் கழுவித்தான் குடுக்கிறது. அப்படித்தான் வளர்த்தனான்."

"சரி. காயிலை ஏன் கழட்டலை? நீங்க சுத்தினது ரெண்டும் அப்படியே இருக்கு பாருங்க. வேணாம்னா ஒரு நிமிஷத்துல வெட்டிப் போட்டிருப்பான்ல?"

இருந்தன. ஏழு சுற்று, ஒன்றோடொன்று ஒட்டாமல். ஆனால் அதற்கு அதுதான் அர்த்தமோ? கம்பியைப் பார்த்தால் விளங்கும் என்று நானும்தானே ஒரு வரி எழுதாமல் அனுப்பினேன். அவனுக்கு என்ன விளங்கியது?

பங்குனி 1, சனி

பஞ்சு வைத்தேன். விபூதி இல்லை, முறுக்கு இல்லை. இரண்டும் 0.9.

கருகுகிறதா என்று யாராவது இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். ராம்பிரசாத் அனுபமா பேரில் சத்தியம் செய்தவர், மாட்டார். நான் அவரைக் கேட்கவும் இல்லை. நிக்கொற்றின் இல்லாத திரவம் விட்டு, நனையும் வரை இருந்து, சலவை அறை ஜன்னலைத் திறந்து நான் இழுத்தேன். தொண்டையில் ஒரு சூடான ஈரம். கொஞ்சம் இருமினேன். கருகல் இல்லை. மற்றத் தலையையும் பூட்டி இழுத்தேன். அதிலும் இல்லை. "ஆன்ட்டி, போதும், போதும்" என்றார் ராம்பிரசாத்.

சிகரெட், வேப் இரண்டும் நல்லதில்லை என்று டொக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். எனக்கும் தெரியும். எனக்கு இப்போது வேண்டியது, அவன் அந்தச் சிகரெட் பெட்டியை விட்டு இந்தப் பெட்டிக்கு வருவது. பிறகு இதையும் விடுவானோ, அது அவன் பாடு.

வியாழன் அவனுக்குக் கிப்ஸ் வெட்டியாயிற்றாம். இனி என் கை தேவையில்லை. தானே சுற்றலாம். ஆனால் சுற்றுகிறானில்லை, சிகரெட்தான் என்கிறான் சுபேசன். தேவைப்பட்ட நேரம் நான் தரவில்லை, தந்த நேரம் பழுதாகத் தந்தேன். ஆனாலும் அனுப்புகிறேன். இந்த முறை உள்ளே எழுதி வைக்கிறேன். நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டு எழுதியதை இங்கே பிரதி செய்கிறேன்:

மதி,

நீ கழற்றாமல் அனுப்பிய கொயில் இரண்டும் இவைதான். பஞ்சு மட்டும் புதிது. முன்பு வைத்ததில் விபூதி பட்டது திரி உருட்டும் என் கைப் பழக்கத்தால். உன்னைத் திருத்த நான் ஒன்றும் நேரவில்லை. எனக்குப் பஞ்சு வைக்கத் தெரியவில்லை, தெரிந்தவரைக் கேட்கப் பொறுமையும் இருக்கவில்லை. நீ கேட்ட அன்றே சுற்றித் தந்திருக்க வேண்டும், மனே. அன்று நான் சொன்னது சொல்லத் தகாத சொல். அதற்காக வருந்துகிறேன்.

பெட்டியில் பூட்டியதும் இலக்கம் 0.9 காட்ட வேண்டும். வேறு காட்டினால் பாவிக்காதே. முதல் இழுப்பைச் சின்னதாக இழு. கருகல் இருக்கிறதா, இல்லையா என்பதைச் சுபேசன் மூலம் சொல்லி விடாமல், எனக்கு எழுத்தில் அறியத் தரவும்.

அம்மா